பாரீசில் உடைத்த பூசணிக்காய்

கண்ணையன் மறுபடியும் பாரீசுக்குப் போவதும் போகாததும் மதாம் லெத்திசியாவின் கையில் இருந்தது. அந்த வெள்ளைக்காரம்மா பாண்டிச்சேரியைச் சுற்றிப் பார்க்க இன்று வருகிறார். மகள் செய்த ஏற்பாட்டில் தங்கப்போவது ரெட்டியார்பாளையத்தில் கண்ணையன் வீட்டில். வருகிறவர் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையிலா வந்து இறங்கவேண்டும்? தெருவில் வீட்டுக்கு வீடு திருஷ்டிப் பூசணிக்காய் உடைந்து, குங்குமச் சிவப்பில் குடல் சரிந்து கிடந்தது.

எல்லாம் போன வருஷத்து வினை. பாரீசில் மாப்பிள்ளை லொரான் புதுக் கார் வாங்கினார். கண்ணையனோ காலமெல்லாம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியும் பிரேக்கைவிடப் பூசணிக்காயை நம்புகிற மனுஷன். பூசை போடாத வண்டியில் பேத்தியை ஏற்ற மனசு வருமா? அங்கே தமிழ்க் கடையில் பூசணிக்காய் வாங்கி, ஓட்டை போட்டு, ஊரிலிருந்து கொண்டுபோன குங்குமத்தையெல்லாம் உள்ளே கொட்டி, கற்பூரம் ஏற்றி, காரைச் சுற்றி வந்து, அடுக்குமாடி வாசலில் ஓங்கிப் போட்டார் ஒரு போடு.

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார் பக்கத்து வீட்டு மதாம் லெத்திசியா. புகை. தரையெல்லாம் சிவப்பு. நடுவில் முழங்கை வரை சிவந்த கையோடு, திருப்தியாகச் சிரித்துக்கொண்டு ஓர் ஆள். போலீசுக்குப் போன் போட்டுவிட்டார். வந்த போலீஸ்காரர்களுக்குக் கண்ணையன் நடித்தே விளக்கினார்: காரைக் காட்டினார், கண்ணைக் காட்டினார், தலையைச் சுற்றித் தரையில் அடித்துக் காட்டினார். அவர்கள் பின்வாங்கிக் கைவிலங்கை எடுத்தார்கள். பால் வாங்கப் போன மாப்பிள்ளை அந்நேரம் திரும்பியிருக்காவிட்டால் மாமனார் அன்றைக்கு லாக்கப்பில்தான் காப்பி குடித்திருப்பார்.

இதில் யாராவது வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தால் என்ன செய்வது என்று மதாம் கத்தினார். "எங்க ஊர்ல காலங்காலமா ஒடைக்கறோம், ஒருத்தனும் வழுக்கனதில்லன்னு சொல்லுங்க மாப்ள," என்றார் கண்ணையன். மாப்பிள்ளை அதைச் சொல்லிவிட்டு, வாளியும் துடைப்பமும் கொண்டுவந்து மாமனார் கையில் கொடுத்தார்.

மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனால் பேத்தியைப் பார்த்துக்கொள்வது அந்த மதாம்தான். "அவங்க சமாதானம் ஆவட்டும்ப்பா, அப்பறம் வாங்க," என்று மகள் சரிதா சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பேத்தியின் முகத்தைப் போனில் பார்ப்பதோடு சரி.

அதனால்தான் இன்று விடிந்ததும் விடியாததுமாகத் துடைப்பத்தோடு இறங்கிவிட்டார்.

"இன்னாங்க, தெருவையே கழுவப் போறீங்களா?" என்றாள் மனைவி கமலா.

"அந்தம்மா கண்ணுல ஒரு பூசணிக்காகூடப் படக்கூடாது. நீ கம்னு இரு."

பத்து வாசலைத் துப்புரவாக்கியிருப்பார். தெருமுனையில் டாக்ஸி திரும்பியது. எதிர்வீட்டு வாசலில் பெரிசாக ஒன்று பாக்கி. அதை அள்ள ஓடினார். கால் வழுக்கியது. மல்லாக்க விழுந்தார், அந்தப் பூசணிக்காய் மேலேயே. வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு.

டாக்ஸி பக்கத்தில் வந்து நின்றது. இறங்கிய மதாம் அவரைப் பார்த்தார். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். கைப்பையிலிருந்து போனை எடுத்தார். தொலைந்தது, இங்கேயும் போலீஸ்தான் என்று கண்ணையன் கண்ணை மூடிக்கொண்டார்.

கேட்டது பாரீசில் தூக்கம் கலைந்த சரிதாவின் குரல். மதாம் அவளுக்குத்தான் வீடியோ போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அடி பட்டுச்சா? மதாம் ஒண்ணு கேக்கறாங்க. ஒருத்தனும் வழுக்கனதில்லன்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தாம்மா," என்றார் கண்ணையன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "அவங்க சொன்னதுதான் சரி. சொல்லிடு."

மதாம் விழுந்து விழுந்து சிரித்தார். கை கொடுத்து அவரைத் தூக்கிவிட்டு, துடைப்பத்தை வாங்கித் தானே பெருக்க ஆரம்பித்தார்.

"அடுத்த லீவுக்கு வரச் சொல்றாங்கப்பா. ஆனா பூசணிக்கா கெடையாதாம்."

கண்ணையனுக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டையில் ஒட்டியிருந்த விதையைத் தட்டிவிட்டுக்கொண்டே போன் பக்கம் குனிந்தார்.

"சக்கரத்துக்கு அடியில வைக்க நாலே நாலு எலுமிச்சம்பழம் கொண்டாரட்டுமான்னு கேளும்மா. அதுல ஒருத்தனும் வழுக்க மாட்டான்."