குரங்கு விரட்டியைக் கண்டுபிடித்தவர்

மணிமுத்தாறு அருவிப் பாதையில் வடைக்கடை நடத்தும் இன்னாசியும் மச்சான் ஜோன்ஸும் குரங்கு விரட்டும் கருவி செய்தார்கள். சுவிட்சைத் தட்டினால் ஒலிபெருக்கியில் சிறுத்தை உறுமும். கடைப் பலகையில் கண்டுபிடித்தவர் என்று யார் பெயரை எழுதுவது என்பதில்தான் சண்டை.

"யோசனை என்னோடதுலே!"

"உம்ம யோசனையா அத்தான் உறுமுது? வயர் இழுத்தது நானுல்லா!"

பெயின்டர் பிரஷ்ஷோடு காத்திருக்க, இன்னாசி சுவிட்சைத் தட்டினார். சுற்றுலா வந்தவர்கள் வடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். குரங்குகள் இறங்கிவந்து நிதானமாகத் தின்றன.

"லே, உன் பேரையே எழுதச் சொல்லு."

"சேச்சே, யோசனை உம்மதுல்லா!"

இப்படிப் பெருந்தன்மை முற்றிக்கொண்டிருந்தபோது, வேனில் புதுக் கூட்டம் வந்து வடை வாங்கியது. உடனே மறுபடியும் உறுமல். கூட்டம் ஓடியது. திரும்பிப் பார்த்தால், சுவிட்சில் கைவைத்தபடி ஒரு கிழட்டுக் குரங்கு.

பெயின்டர் பிரஷ்ஷை நனைத்தார்.

"அண்ணாச்சி, அதுக்குப் பேரு என்ன?"