வாசலுக்கு நேரே ஒரு கரண்டுப் பொட்டி

“எறங்கு, புடிச்சிக்கிறேன்” என்றாள் பொன்னாயி.

“எறங்கறதுக்குக் காலு வேலை செஞ்சா நான் ஏம்மா வண்டியில வரேன்? வண்டியத் தூக்கு” என்றாள் வெள்ளச்சி.

பொன்னாயி சேலையைச் செருகிக்கொண்டு, மகளையும் சக்கர நாற்காலியையும் சேர்த்து நடைபாதைமேல் ஏற்றினாள். தினமும் காலையில் இதே கதைதான். கள்ளக்குறிச்சி பைபாஸ் ஓரம் புதுசாக எழும்பிய நகர் அது. நடைபாதை லட்சணமாகத்தான் போட்டிருந்தார்கள். மஞ்சள் கல்லு, சிவப்புக் கல்லு, வண்டி ஏற ஒரு சரிவு. இருந்த ஒரே சரிவின் வாயில்தான் ஆள் உயரத்துக்கு ஒரு கரண்டுப் பொட்டியைக் கொண்டுவந்து நட்டுவிட்டார்கள். பூனை வேண்டுமானால் நுழையலாம். நாற்காலி நுழையாது.

நடைபாதையின் கடைசியில் தங்கதுரையின் ஆன்லைன் கடை. அங்கேதான் வெள்ளச்சிக்கு வேலை. பட்டாவுக்கு, சாதிச் சான்றுக்கு மனுப் போட்டுக் கொடுப்பாள். ஜீப் கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகு, அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. தங்கதுரை நல்லவர்தான். ஆனால் முந்தாநாள் சொல்லிவிட்டார்: “உங்கம்மா ஊருக்குப் போனா நீ தனியா வந்துடணும் பாப்பா. தெனம் தூக்கி எறக்க என்கிட்ட ஆளு கெடையாது.”

மேலே மலையில், அவர்கள் ஊரான கரியாலூரில் சாமை முற்றி நிற்கிறது. அறுப்புக்கு வியாழக்கிழமை பொன்னாயி போயே ஆக வேண்டும். மகளால் தனியாக ஏற முடியாதென்றால் மகளும் கூடவே மலையேற வேண்டியதுதான்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. பொட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு கான்ட்ராக்டரின் ஃபோர்மன் மாயவன் உட்கார்ந்திருந்தான்.

“அண்ணே, இத எதுக்குண்ணே இங்க வச்சீங்க?” என்று கேட்டாள் வெள்ளச்சி.

“நானா வச்சேன்? எடம் குறிச்சது எதிர்ல, அந்தப் பச்ச வூட்டு செவுரு மூலையில. அந்தம்மா வுட்டாதான? வாசலுக்கு நேரா இரும்பு நிக்கக் கூடாது, அது வாசக்குத்து, வூட்டுக்கு ஆவாதுன்னு குழிக்குள்ளயே எறங்கி உக்காந்துடுச்சி. இந்தப் பக்கம் வூடு இல்ல, கேக்க நாதி இல்ல. வச்சிட்டோம்.”

“நான் கேக்கறேனே.”

“இப்ப கேக்கற. அப்ப எங்க போன?”

“அப்ப மலையில கெடந்தேன்.”

மாயவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, அந்தம்மா வாயால சரின்னு சொல்லட்டும், நாளைக்கே மாத்தறேன். வியாழக்கெழம கனெக்சன் குடுத்துட்டா அப்புறம் எவனாலயும் நவுத்த முடியாது, ஆமா.”

பச்சை வீட்டு ராஜாம்பாள் தகடு அடித்த கேட்டை ஒரு முழம் மட்டும் திறந்தாள். பொன்னாயி கும்பிட்டு, வந்த காரியத்தைச் சொன்னாள்.

“யம்மா, எம் பொண்ணுக்கு நாலு மாசமா எடம் பாத்துக்கினு கீறேன். வர்றவங்க கேசரியத் துன்னுட்டு, போன் பண்றோம்னு போறாங்க. போன் வர மாட்டேங்குது. இதுல எங்க வாசலோரமா ஒரு இரும்பு வேற நிக்கணுமா? நீயும் பொண்ணு பெத்தவதான? சொல்லு.”

“வாடி, போலாம்” என்று பொன்னாயி நாற்காலியைத் திருப்பினாள்.

வெள்ளச்சி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். “யக்கா, உங்க சாமி ரூம்ல குத்துவிளக்குக்குப் பக்கத்துல வெள்ளப் புள்ளையாருதான?”

ராஜாம்பாளின் முகம் மாறியது. “அது உனக்கு எப்பிடிடி தெரியும்?”

“தெனம் பாக்கறனே. பால்காரருக்கு நீங்க கேட்டத் தொறக்கற நேரம் நாங்க பொட்டிகிட்ட நின்னுக்கினு இருப்போம். பொட்டிமேல தலைய சாச்சா நேரா உங்க சாமி ரூமுதான்.”

“நேராவா?”

“நேராக்கா. ஒரு முடி வெலகல.”

ராஜாம்பாள் கேட்டை முழுசாகத் திறந்தாள். பால் வாங்கும் நேரம் தவிர எப்போதும் சாத்தியே கிடக்கும் கேட் அது; அவள் இப்படி நின்று எதிரே பார்த்ததே இல்லை. “ஏம்பா மாயவா! நூலக் கொண்டா!”

நிலைவாசல் நடுவில் ராஜாம்பாள் ஒரு நுனியைப் பிடித்தாள். மாயவன் மறு நுனியோடு ரோட்டைத் தாண்டினான். கரும்பு ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று நின்றுவிட்டது. “இன்னா, ரோட்டுக்குத் தாலி கட்றீங்களா?” என்று டிரைவர் கத்தினான். நூல், பொட்டியின் பூட்டுமேல் போய் உட்கார்ந்தது. முதலில் குறித்த மூலையோ நூலுக்குப் பதினோரு அடி தள்ளி இருந்தது.

“ஏம்பா, ஒரு பொம்பள வேணாம்னா, நேரா எங்க புள்ளையாரு கண்ணுமுன்னயா கொண்ணாந்து நடுவ? நீ இத நட்டும் நாலு மாசம்தான ஆவுது?”

“நீதானம்மா அங்க வேணாம்ன!”

“செவுரு மூலையில வேணாம்னேன். இங்க நடுன்னு சொன்னனா?”

“அப்ப மூலைக்கே மாத்திடட்டா?”

“இன்னும் கேட்டுக்கினு நிக்கறியே! மாத்து!”

திரும்பும்போது பொன்னாயி குரலைத் தாழ்த்தினாள். “பொட்டி நேரா நின்னா கல்யாணம் தட்டிப் போவுமாடி?”

“எனக்கு இன்னா தெரியும். நேரா நிக்குதுன்னேன், அவ்வளவுதான்.”

புதன்கிழமை சாயங்காலம் பொட்டி எதிர்ப்பக்க மூலைக்குப் போனது. பிடுங்கிய இடத்தில் மண்ணை மட்டும் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் விடிந்ததும் பொன்னாயி அதைக் காலால் மிதித்து, ரெண்டு உடைந்த கல்லைப் பொறுக்கிப் பதித்தாள்.

“வுடும்மா, நான் பாத்துக்கறேன்.”

முதல் தடவை சின்னச் சக்கரம் மண்ணில் புதைந்து வண்டி பின்னுக்கு வந்தது. பொன்னாயியின் கை தன்னால் நீண்டது. “தொடாத!” என்றாள் வெள்ளச்சி. எதிர் வாசலில் பால் சொம்போடு நின்ற ராஜாம்பாள், “எடது பக்கம் ஒடிடி, எடது பக்கம்!” என்று குரல் கொடுத்தாள். வெள்ளச்சி இடது பக்கம் ஒடித்தாள். உள்ளங்கை எரிய ஒரு உந்து. வண்டி மேலே நின்றது.

பொன்னாயி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

கடையில் தங்கதுரை வாசலை எட்டிப் பார்த்தார். “உங்கம்மா எங்க?”

“கரியாலூர் பஸ்ஸுக்குப் போயிடுச்சி சார்.”

“அப்ப யாரு தூக்கி வுட்டது?”

வெள்ளச்சி கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, காத்து நின்றவர்களைப் பார்த்தாள். “மொதல்ல வந்தது யாருங்க? ஆதார் கார்டக் குடுங்க” என்றாள்.