இடப்பக்கத்து ஜன்னல்

விழுப்புரம் பக்கத்துக் காணையில் நான் வளர்ந்த வீட்டுப் படுக்கையறை கொஞ்ச காலமாக என் கனவில் வந்துகொண்டிருந்தது. வந்தால் வரட்டும், வாடகையா கேட்கப்போகிறேன் என்று விட்டுவிட்டேன். வயிற்றில் ஏழாம் மாதம் தொடங்கியதும் கனவு முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. அறை அதேதான். பாதி அறைக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகள், ஒரே ஜன்னல், அதில் விடிகிற வெளிச்சம். ஆனால் சின்ன வயதில் படுத்தால் எனக்கு வலப்பக்கம் இருந்த ஜன்னல், கனவில் இடப்பக்கம் இருந்தது. என் முகத்தருகே ஒரு குழந்தையின் கால். கொலுசின் கொக்கி போய்க் கறுப்புக் கயிற்றால் கட்டியிருந்தது. அந்தக் காலை என் கை இறுகப் பிடித்திருக்கும். குழந்தை அசையாது, முகமும் தெரியாது. விழித்ததும் முதல் வேலையாக என் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன்.

என் வீட்டுக்காரர் வெற்றிச்செல்வன் எதற்கும் போனைத்தான் கேட்பார்.

"சின்ன வயசு பெட்ரூம் கனவுல வந்தா, மனசு பாதுகாப்ப தேடுதாம். இன்னொருத்தன் தீராத பிரச்சனை இருக்குன்னு போட்டிருக்கான்."

"என்ன பிரச்சனைன்னு போட்டிருக்கானா?"

"அதுக்குக் கீழ விளம்பரம்தான் இருக்கு."

திண்டிவனம் வீட்டுக் கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"காலையில வெளிச்சம் எந்தப் பக்கம் வந்துச்சு?"

"இடப்பக்கம் அத்தை."

காற்றில் விரலைத் திருப்பித் திருப்பிக் கணக்குப் போட்டார். "அப்ப வடக்க தல வச்சு படுத்துக்கினு இருந்திருக்க."

எங்கள் பக்கம் மறந்தும் யாரும் வடக்கே தலைவைத்துப் படுப்பதில்லை. வந்த விருந்தாளியைக்கூட எழுப்பித் திருப்பிப் படுக்கவைப்பார்கள்.

"கனவுல அந்தப் புள்ள அசைஞ்சுச்சா?"

"இல்ல."

அத்தை மறுபடி கீரையை எடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். "உங்கம்மாவ ஒரு தரம் பாத்துட்டு வந்துடு. அப்புடியே திருவாமாத்தூர்ல ஒரு அர்ச்சனை பண்ணிக்கினு வா" என்று மட்டும் சொன்னார்.

எனக்குத் திசையில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. என் பயத்துக்கு இருந்தது. விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்து, அது யார் குழந்தை, நான் ஏன் விடாமல் பிடித்திருக்கிறேன், நான் பிடித்ததால்தான் அதற்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று குழம்பிக்கொண்டே போனேன். வயிற்றில் இருப்பதை மனதில் வைத்துத்தான் இத்தனையும் என்று எனக்கே தெரிந்தது.

கோயிலுக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம் என்று நேரே காணைக்குப் போய்விட்டேன். தண்ணீர் குடிக்கும் முன்பே அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"கொலுசுல கறுப்புக் கயிறா?" அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது உன் காலுடி. கொக்கிய நீதான் கடிச்சுத் துப்புன."

"என் கால நானே எப்புடிம்மா புடிச்சுக்கினு படுப்பேன்?"

அம்மாவின் சிரிப்பு நின்றது. என்னை அறைக்குள் கூட்டிப்போனாள். இப்போது அங்கே மோட்டார் குழாய்கள்தான் கிடந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பாயை விரித்தாள்.

"உன்ன இப்புடி தெக்க தல வச்சு போடுவேன். பாதி ரூமுக்கு மூட்டை. பக்கத்துல படுத்தா தோளு இடிக்கும், நீ அழுவ. எதிரும் புதிருமா படுத்தாதான் ரெண்டு பேருக்கும் எடம் பத்தும். யாராவது ஒருத்தர் வடக்க வச்சுதானே ஆவணும்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல அம்மாவின் இடத்தில் படுத்தேன். ஜன்னல் இடப்பக்கம் இருந்தது.

இத்தனை நாளும் அந்த அறைக்குள் நான் நானாகப் போகவில்லை. அம்மாவாகப் போயிருக்கிறேன்.

"வடக்க வச்சா ஆகாதுன்னு ஊரெல்லாம் சொல்லுவியே. உனக்குப் பயமா இல்லியா?"

"இல்லாம இருக்குமா? அதான் உன் காலப் புடிச்சுக்கினே தூங்குவேன். என்ன எதுனா இழுத்துக்கினு போனா, நீ முழிச்சிக்குவ இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா என் காலருகே உட்கார்ந்தாள். அப்போது போன் அடித்தது. அத்தைதான்.

"கேட்டியாம்மா? புள்ளைக்கு ஒன்னும் இல்லியே?"

"புள்ள நல்லாத்தான் தூங்கிக்கினு இருக்கு அத்தை" என்றேன். "பயந்துக்கினு கெடந்தது பெத்தவதான்."