வெள்ளைப் பனியில் வெள்ளை எழுத்து

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். ஒரு சினிமா விமர்சனத்தில் இரண்டு இடத்தில் தப்பு செய்தேன். அதிலிருந்து வந்தது இந்தக் கதை. பாராட்டிய இடம் ஒன்று, குறை சொன்ன இடம் ஒன்று. நடுவே எழுதியவை எல்லாம் சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

முதல் வாக்கியத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

‘1996 ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பாளையங்கோட்டை வானம்...’ (வேண்டாம். ஜன்னல்களில் எல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தோம். வானத்தை யார் பார்த்தது?)

‘ஞானையா சார் ஏழு வருஷமாகத் தன் மகளிடம் பேசவில்லை.’ (இது நல்ல தொடக்கம். ஆனால் அன்றைக்கு எனக்கு இது தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி தொடங்கினால் உங்களை ஏமாற்றியதாகும்.)

‘படத்தில் பனி பெய்துகொண்டிருந்தது.’

இதுவே இருக்கட்டும்.

2

படத்தில் பனி பெய்துகொண்டிருந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் இருபத்தைந்து மடக்கு நாற்காலிகள், ஒரு டிவி, பெனோவின் வீடியோ கடையிலிருந்து வந்த டெக். எங்கள் திரைப்படக் கழகம் மாதம் ஒரு ஞாயிறு காலையில் கூடும். நான் சங்கரசுப்பிரமணியன், கோர்ட்டில் குமாஸ்தா. மறு வாரம் வெளிவரும் கழகத்தின் ஒற்றைத் தாளில் விமர்சனம் எழுதுவது என் வேலை.

அது ஜப்பான் பொம்மைப் படம். பேச்சு ஜப்பானியம், கீழே ஆங்கில எழுத்து. அதைப் படித்துத் தமிழில் உரக்கச் சொல்ல டிவி பக்கத்தில் ரீபா டீச்சர் நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவர். குரல் கணீரென்று இருக்கும்.

கதை இதுதான். பனி மூடிய ஒரு கிரகம். அங்கே ஒரு எஞ்சினியர் தான் செய்த இயந்திரப் பெண்ணைத் தனியே விட்டுவிட்டுப் போய்விடுகிறான். நாற்பது வருஷம் கழித்துக் கிழவனாகத் திரும்பி வருகிறான். அதற்குள் நடுவில் ஒரு யுத்தம், இருபது நிமிஷம் ஒரு நகரம் வெடிக்கிறது. கடைசியில் கிழவன் அவளிடம் கேட்கிறான்: “என் மேல கோவமா?”

ரீபா டீச்சர் ஒரு மூச்சு நிறுத்தினார். பிறகு சொன்னார்: “கோவம் இருந்துது. நீங்க வார வழியப் பாத்துக்கிட்டே இருந்ததுல, அது எப்பம் போச்சுன்னு எனக்கே தெரியல.”

பெனோகூட வெற்றிலையை மெல்லாமல் வைத்திருந்தான்.

3

நான் எழுதிய விமர்சனத்தின் சுருக்கம்:

குறைகள். காற்றே இல்லாத வெளியில் விண்கப்பல்கள் இரைகின்றன. இயந்திரப் பெண்ணின் வாயிலிருந்து மூச்சு ஆவி வருகிறது. அவளுக்கு நுரையீரல் வைத்தது யார்? கிழவன் பனியில் நடந்து வரும் காட்சி நான்கு நிமிஷம், ஒன்று போதும்.

நிறைகள். பனி. அந்தக் கடைசி வசனம். ‘இந்த ஒரு வசனத்துக்காகப் படத்தின் எல்லாப் பிழைகளையும் மன்னிக்கலாம்’ என்று எழுதினேன்.

(இப்படிப்பட்ட வாக்கியங்களை எழுதும்போது கைக்கு ஒரு சுகம் உண்டு. அந்தச் சுகத்தை நம்பக் கூடாது.)

4

தாள் வெளிவந்த மறுநாள் மத்தியானம் ரீபா டீச்சர் கோர்ட் வாசலுக்கே வந்துவிட்டார். கையில் தாள்.

“சார், நீங்க பாராட்டியிருக்கிய பாருங்க, அந்த வசனம் படத்துல இல்ல.”

“இல்லன்னா?”

“பனி வெள்ளை. எழுத்தும் வெள்ளை. ஒரு எழுத்தும் தெரியல. எல்லாரும் என் வாயையே பாத்துக்கிட்டு இருந்திய. என்னமாவது சொல்லணும்லா?”

எனக்குக் கோபம் வந்தது. பாராட்டு வீணான கோபம். அவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கவலை வேறு.

“ஞானையா சார் அன்னைக்கு வந்திருந்தாவ. ரெண்டு நாள் கழிச்சு செவ்வாக்கெழம டவுணுக்குப் போயிட்டாவ, இன்பமணி வீட்டுக்கு.”

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஞானையா சார் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். மகள் இன்பமணி டவுணில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் குமரவேலைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு மதம். ஏழு வருஷம் அப்பாவும் மகளும் ஆற்றுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருந்தார்கள். இன்பமணி ரீபா டீச்சரின் பள்ளிக்கூடத்தில்தான் கணக்குப் பாடம் எடுக்கிறாள்.

“வாசல்ல வந்து நின்னுருக்காவ. கூப்பிடவும் இல்ல. இவதான் பாத்துட்டு, ‘வெயில்ல ஏம்ப்பா நிக்கிய, உள்ள வாங்க’ன்னுருக்கா. அவ்வளவுதான் பேச்சு. பேத்திய உக்கார வச்சுப் படம் வரஞ்சிருக்காவ. என் பொய்யைக் கேட்டுல்லா போயிருக்காவ, சார்? சொல்லணுமா, வேண்டாமா?”

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வருகிறது. இன்பமணியும் ரீபா டீச்சரும் ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலி. எழுத்து உண்மையிலேயே தெரியவில்லையா? அல்லது மூன்றாவது வரிசையில் ஞானையா சார் இருப்பதைப் பார்த்துவிட்டு...

கேட்டேவிட்டேன். “தெரிஞ்சுதான் சொன்னியளா?”

“வெள்ளைப் பனி சார்,” என்றார் ரீபா டீச்சர்.

5

அவருக்காக நான் போனேன். ஞானையா சார் பென்சில்களைச் சீவி டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார். மறுபடி டவுணுக்குக் கிளம்பும் வேகம்.

“படம் எப்படி சார் இருந்துது?” என்று பைய ஆரம்பித்தேன்.

“பனிய நல்லா வரஞ்சிருக்கான் வே. அந்தப் பிள்ளைக்கு விரல்தான் சரியில்ல. வாழைப்பழம் மாதிரி தொங்குது.”

“கடைசி வசனம்...”

“எந்த வசனம்? எனக்குக் காது அவ்வளவுதான். நான் படத்தைல்லா பாத்தேன்.”

அவராகவே தொடர்ந்தார்.

“கிழவன் நடந்து வாரான் பாத்தீரா? முட்டியளவு பனி. விழுதான், எந்திக்கான், மறுபடி நடக்கான். எம்புட்டு நேரம்! எனக்கா, டவுண் பஸ்ல ஏறுனா கால் மணி நேரம். அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல வே.” டப்பாவை மூடினார். “நீரு அதைக் குறைக்கணும்னு எழுதியிருக்கீராம். பக்கத்து வீட்டு அருமைநாயகம் அந்த வரிய மட்டும் காதுகிட்ட வாசிச்சுக் காட்டினாரு. உமக்கு என்ன அவசரம்?”

(இந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். பதிலில் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்தேன்.)

அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, என்னை மறந்தவராக, டப்பாவை மடியில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

6

ரீபா டீச்சரிடம் சொன்னதும் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். “ஆண்டவரே, அப்பம் நான் தப்பிச்சேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “அந்த வசனம் ஒருத்தர் காதுலயும் விழலையோ?” என்றார்.

“எங்க காதுல விழுந்துதே.”

இங்கே கதையை முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. கேசட்டை மறுநாள் திருவனந்தபுரத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பெனோ சொல்லியிருந்தான். சாயங்காலம் அவன் கடைக்குப் போனேன்.

“கடைசிச் சீனைப் போடுலே.”

“என்ன அண்ணாச்சி, அப்படியா பிடிச்சுப்போச்சு?”

கிழவன் நடந்தான். நான்கு நிமிஷமும் பார்த்தேன். நான்கு நிமிஷம் வேண்டும்தான். கிழவன் கேட்டான். இயந்திரப் பெண் வாய் திறக்கும்போது பெனோ பொத்தானை அமுக்கினான். படம் நின்றது; லேசாக நடுங்கியது. திரைக்கு ஒரு சாண் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன்.

எழுத்து

இல்லை, இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் எழுத்து பனியில் கரைந்து கிடக்கிறது, ரீபா டீச்சர் சொன்னது நிஜம். இன்னொன்றில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வாசிக்கக் கிடைக்கிறது. மாடியில் அதை வாசித்த ஒருத்தி வேறொன்றைச் சொன்னாள். எதை எடுத்தாலும் எனக்கு அவரைப் பிடிக்கிறது. உங்களுக்கு எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதத்துக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது அவர் கேட்டார்: “கேசட்டைப் பாத்தியளாமே. பெனோ சொன்னான்.”

“பாத்தேன்.”

“என்ன தெரிஞ்சுது?”

அவர் முகத்தைப் பார்த்தேன். மடக்கிய நாற்காலியைச் சுவரில் சாய்த்தேன்.

“படம் பரவால்ல, டீச்சர்,” என்றேன்.