வெட்கத்தை விட்டு

கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோனது. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ச்சாவிட்டால் எங்கள் ஒன்றரை ஏக்கரும் பதர்தான். பக்கத்தில் போர்வெல் வைத்திருப்பவர் துரைக்கண்ணு ஒருவர்தான். அவரோடு நான் பேசி இரண்டு வருடமாகிறது.

வரப்பை வெட்டும் சாக்கில் வருடா வருடம் ஒரு மண்வெட்டி அகலம் எங்கள் பக்கம் தள்ளி வந்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் பூதலூர் டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் "வெக்கங்கெட்ட மனுஷன்" என்று சொல்லிவிட்டேன். திருடன் என்றிருந்தால்கூடச் சிரித்துக்கொண்டு போயிருப்பார். இந்தச் சொல்லை மட்டும் அவர் மறக்கவே இல்லை.

நேற்றுக் காலை அவருடைய மோட்டார் கொட்டகைக்குப் போனேன். உர மூட்டை இறக்கிக்கொண்டு எங்கள் தெரு ராஜாங்கமும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள்.

"வெக்கத்த விட்டுக் கேக்குறேண்ணே. ஒரே ஒரு தண்ணி விடுங்க."

"வெக்கத்த விட்டியா, இல்ல வெக்கங்கெட்டுப் போச்சா? சரியாச் சொல்லு சாவித்திரி," என்றார். "அன்னைக்கு என்னைச் சொன்னியே, அதையே இப்ப உன்னைச் சொல்லிக்க. சுவிட்சப் போடுறேன்."

பெரிய மனுஷர்! இதற்காகவே இரண்டு வருடம் காத்திருந்தார் போல. முன்பென்றால் நானும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். நேற்று எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. பயிரைப் பார்த்துப் பார்த்துத் தூங்காமல் கிடந்த உடம்பு. ராஜாங்கம் மூட்டையோடு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"நான் வெக்கங்கெட்டவதாண்ணே."

சொல்லும்போது காதெல்லாம் எரிந்தது. துரைக்கண்ணு சுவிட்சைப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

பகல் முழுக்க மண்வெட்டியோடு மடை மாற்றிக்கொண்டு நின்றேன். சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து என் வீட்டுக்காரர் போன் செய்தார். அதற்குள் யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள்.

"அவன்கிட்ட போயா நின்ன? வெக்கமா இல்ல உனக்கு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இருந்துச்சுங்க," என்றேன். "அதோடதான் போய் நின்னேன்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"கடைசி வயல் வரைக்கும் தண்ணி ஏறிடுச்சா?"