சிவந்த நுரை

சேதுபதி வீட்டுக்குக் குதிரை வந்தது, மலாய் நாடு சுதந்திரம் பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு. உஜோங் பாசிரில் கடலைப் பார்த்த பங்களாவில் இருந்த கம்பெனி மேனேஜர் துரை மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குக் கிளம்பினார். சிங்கப்பூரில் பந்தயம் ஓடி ஓய்ந்த குதிரை ஒன்று அவரிடம் இருந்தது. யாரிடம் விட்டுப்போவது என்று அவர் தவித்தபோது, அந்த வீட்டுக்குப் பால் ஊற்றிவந்த சேதுபதி, "நான் வச்சிக்கிறேன் துரை" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அதன் உயரத்தையே சரியாகப் பார்த்தார். செங்கல் நிறத்தில் இருந்த அந்தக் குதிரைக்கு யாரோ மூன்லைட் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

காஜா பெராங்கில், மலாய் பேசும் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டிக்குப் பின்புறம் அவருடைய மாட்டுக்கொட்டகை. ஒரு மூலையில் மூங்கில் தட்டி அடித்துக் குதிரைக்கு இடம் ஒதுக்கினார். மாடுகளோடு வளர்ந்தவருக்குக் குதிரை என்ன பெரிய விஷயம் என்று தோன்றியது. கொள்ளும் பார்லியும் வேளாவேளைக்குக் கொட்டினார். வெளியே விட்டால் ஓடிவிடுமோ என்று பகலெல்லாம் கட்டியே வைத்தார். ஊர்வலக் கமிட்டியில் இருந்த கலியாணசுந்தரம் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "சுதந்திர நாளன்னிக்கு நம்ம ஆளுங்க முன்னாடி நீங்க கொடியோட இதுல வரணும்லா" என்றார். சேதுபதிக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலைக்குள் பால் வாங்கும் வீடுகளுக்கெல்லாம் செய்தி போய்விட்டது.

குதிரை கெட்ட வழக்கம் காட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். சேணம் கட்டப் போனால் காதைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு பல்லைக் காட்டியது. வயிற்றுவாரை இறுக்கினால் திரும்பிக் கடிக்க வந்தது. கடிவாளத்தைக் கண்டாலே தலையை வானத்துக்குத் தூக்கியது. ஒருநாள் பின்னங்காலால் மூங்கில் தட்டியை உதைத்து நொறுக்கியது. சேதுபதி இன்னும் கனமான கடிவாளம் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கி மாட்டினார். கையில் எப்போதும் ரோத்தான் பிரம்பு இருந்தது.

மாடுகளைப் பார்க்க வழக்கமாக வரும் கால்நடை டாக்டர் தேவதாஸ், தட்டிக்கு வெளியே நின்று குதிரையைக் கொஞ்ச நேரம் கவனித்தார். அது வைக்கோலை மெல்லுவதும், பாதி மென்றதை உருண்டையாகக் கீழே துப்புவதுமாக இருந்தது.

"அண்ணே, இது திமிர் இல்ல. வாயில ஏதோ இருக்கு. நான் மருந்து குடுத்து மயக்கி வாயைத் திறந்து பார்க்கணும். அதுவரைக்கும் கடிவாளம் போடாதீங்க. கொள்ளையும் குறைச்சிடுங்க. இவ்வளவு தின்னுட்டு நின்ன இடத்திலேயே நின்னா எந்தக் குதிரைக்கும் பைத்தியம் பிடிக்கும்."

"எத்தனை நாள் கடிவாளம் போடாம இருக்கணும்?"

"வாயைப் பார்த்தாத்தான் சொல்ல முடியும். மாசக்கணக்கா ஆகலாம்."

"அப்ப ஊர்வலம் முடியட்டும், தம்பி. முடிஞ்ச மறுநாளே பாருங்க."

சேதுபதியின் மனைவி சந்திரமதி பால் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே இதைக் கேட்டாள். டாக்டர் போனபின், "அவரு படிச்சவரு சொல்றாரு. நடந்தே போனா என்னங்க?" என்றாள். "ஊரெல்லாம் சொல்லிட்டேன்" என்பதுதான் அவருடைய பதில்.

ஒத்திகை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்திருந்தார்கள். ஜாலான் துக்காங் எமாஸில் பிள்ளையார் கோவிலுக்கு முன்னால் கூட்டம் கூடியது; பெண்கள் ஓரமாகச் சந்திரமதியும் நின்றாள். தெரு குறுகல். இரண்டு பக்கமும் கடைகள். மேளக்காரர்கள் ஒரு பக்கம், கொடிகள் ஒரு பக்கம். சேதுபதியிடம் பால் கறக்கும் பொன்னுதுரை குதிரையின் கயிற்றைப் பிடித்திருந்தான். புது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சேதுபதி அங்கவடியில் கால் வைத்தார்.

ஏறியதும் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார். குதிரை பின்னால் நகர்ந்தது. மேளம் ஒரு தட்டு தட்டியது. அவர் இன்னும் இழுத்தார். மூன்லைட் முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நேராக நின்றது. சேதுபதி சரிந்து சாக்கடை ஓரத்தில் விழுந்தார். கயிற்றோடு தொங்கிய பொன்னுதுரையின் மேல் குதிரையின் குளம்பு இறங்கியது. முன்கை எலும்பு முறிந்த சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது.

யாரோ பொன்னுதுரையைத் தூக்கினார்கள். யாரோ குதிரையின் கயிற்றை விளக்குக் கம்பத்தில் சுற்றிக் கட்டினார்கள். சேதுபதி எழுந்தார். வெள்ளைச் சட்டை முதுகெல்லாம் சாக்கடைச் சேறு. கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு காதில் விழுந்ததும் அவர் ரோத்தானைத் தேடி எடுத்தார்.

கழுத்தில் அடித்தார். விலாவில் அடித்தார். கட்டிப்போட்ட குதிரை சுற்றிச்சுற்றி வந்தது. அப்போதுதான் அதன் வாயைப் பார்த்தார். கடிவாளத்தின் இரும்பைச் சுற்றி வழிந்த நுரை வெள்ளையாக இல்லை, சிவப்பாக இருந்தது. சிவந்த நூலாக அது தரையில் சொட்டியது. அவர் கை ஒரு கணம் நின்றது. தேவதாஸ் சொன்னது அப்படியே நினைவுக்கு வந்தது. சுற்றிலும் ஆட்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை மறுபடியும் ஓங்கினார்.

"சுடா லா! சுடா! பினாத்தாங் பூன் தாவு சாக்கிட்!" என்று ஒரு பெண் குரல் கத்தியது. போதும், மிருகத்துக்கும் வலி தெரியும் என்று மலாயில் கத்தியவள் கம்போங் செட்டியில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரி சிவகாமசுந்தரி. நடுத்தெருவுக்கு வந்து குதிரைக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். அதற்குப் பிறகுதான் சேதுபதியின் கை தாழ்ந்தது.

அன்று பிற்பகல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். பொன்னுதுரையின் கையில் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். சேதுபதியைக் கண்டதும் அவன் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"மன்னிச்சிடுங்க முதலாளி. நான் கயித்தை இன்னும் கெட்டியா பிடிச்சிருக்கணும். உங்களைக் கீழ தள்ள விட்டுட்டேன்."

சேதுபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் பார்த்தார்கள். "பரவால்லடா" என்ற ஒரு வார்த்தைதான் வெளியே வந்தது. மன்னித்தவர் போல அப்படிச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்ததும் அவருக்கு உடம்பு கூசியது. திரும்பி உள்ளே போகவும் துணிவு வரவில்லை.

மறுநாள் கலியாணசுந்தரம் வந்தார். ஆளைக் கொல்லும் மிருகத்தை ஊருக்குள் வைத்திருக்கக்கூடாது, போலீசில் சொல்லிச் சுட்டுவிடலாம் என்றார். சுட்டுவிட்டால் இந்தப் பேச்சே முடிந்துவிடும் என்று சேதுபதிக்கு உள்ளுக்குள் ஓர் எண்ணம் ஓடியது. சந்திரமதிதான் முன்னால் வந்து, "டாக்டர் பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்" என்றாள்.

தேவதாஸ் மருந்து செலுத்தி, குதிரை தலை தொங்கி நின்றதும் வாயைத் திறந்து விளக்கடித்துக் காட்டினார். கடைவாய்ப் பற்கள் தேய்ந்து கத்திபோல் கூர்மையாகிக் கன்னத்தின் உள்சதையைக் கிழித்திருந்தன. கடிவாள இரும்பு படும் இடத்தில் உடைந்த சிறு பல்லொன்று, சுற்றிலும் சீழ். சேணம் உட்காரும் முதுகில் விரலை வைத்ததும், மயக்கத்திலும் அது தோலைச் சிலிர்த்தது.

"இதோட யாரையும் முதுகுல ஏத்திக்கிட்டதே பெரிசு" என்றார் தேவதாஸ். உடைந்த பல்லைப் பிடுங்கிவிட்டு, மற்றப் பற்களை அரத்தால் ராவினார்.

அவர் போன பிறகு சந்திரமதி கொட்டகை வாசலிலேயே நின்றாள்.

"வாயில ரத்தம் வந்ததைப் பார்த்தீங்களா?"

"இல்ல. கோவத்துல ஒண்ணும் தெரியல."

"பார்த்தீங்க. எல்லாரும் குதிரையைப் பார்த்தாங்க. நான் உங்க முகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். நின்னீங்க. பார்த்தீங்க. அப்புறம் அடிச்சீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். அடித்ததைச் சேதுபதி மறந்துவிடக்கூடும். பார்த்தபின் அடித்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சாயங்காலம் கலியாணசுந்தரத்தின் கடைக்குப் போனார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கவில்லை. "குதிரை மேல தப்பில்ல. டாக்டர் முன்னமே சொன்னாரு, நான்தான் கேக்கல. பையன் கை ஒடிஞ்சதும் என்னாலதான்" என்றார். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அதையே பொன்னுதுரையிடமும் சொன்னார். பொன்னுதுரை அவர் முகத்தைப் பார்க்காமல் மாவுக்கட்டையே தடவிக்கொண்டிருந்தான்.

குதிரையைப் பார்க்கும் பொறுப்பைச் சந்திரமதி எடுத்துக்கொண்டாள். கொள்ளு நின்றது, புல் வந்தது. கொட்டகைக்குப் பின்னால் வேலி அடைத்துப் பகலெல்லாம் அவிழ்த்து விட்டார்கள். தேவதாஸ் சொன்னபடி எதிரே போகாமல், தோளின் பக்கமாக, பேசிக்கொண்டே போனாள். காது சாய்ந்தால் நின்றாள். காது தளர்ந்ததும், அதற்குப் பரிசாக, அவளே ஓரடி பின்வாங்கினாள். முதலில் கழுத்தைத் தொட்டாள், சில வாரங்களில் காதுக்குப் பின்னால் சொறிந்தாள். மாவுக்கட்டு பிரித்து வந்த பொன்னுதுரையும் பயந்து பயந்து அவளோடு சேர்ந்துகொண்டான். கடிக்க வந்த வாய், அவன் சட்டைப்பையில் வெல்லம் தேடியது.

சுதந்திர நாளன்று சேதுபதி ஊர்வலத்தில் கடைசி வரிசையில் நடந்து போனார். யாரும் குதிரை எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

வருட முடிவில் பொன்னுதுரை மூன்லைட்டை வெறும் தலைக்கயிற்றோடு உஜோங் பாசிர் கரைக்கு நடத்திப் போனான். அது முழங்கால் தண்ணீரில் சாதுவாக நின்றது. பிள்ளைகள் கிட்டே வந்து பார்த்தார்கள். சேதுபதி மட்டும் போகக்கூடாது. அவர் குரல் கேட்டாலே குதிரையின் உடம்பு விறைத்துப்போகும். வேலியருகே அவர் வந்தால் எதிர் மூலைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நடுங்கும்.

"காலம் ஆகலாம்ணே" என்றார் தேவதாஸ். "ஆகாமலும் போகலாம். சொல்ல முடியாது."

அதன் பிறகு சேதுபதி தினமும் காலையில் தாமே போய்ப் புல் அறுத்து வந்தார். வாய் திறவாமல் புல்லுக்கட்டை வேலியடியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மாட்டுப் பக்கம் போய்விடுவார். அவர் மறைந்து சற்று நேரமான பிறகுதான் குதிரை மூலையை விட்டு வரும். பசுவின் மடியடியில் குந்தியிருக்கும் அவருக்கு, தட்டிக்கு அந்தப் பக்கம் அது புல்லை மெல்லும் சத்தம் கேட்கும்.