கடிபட்டு வந்த ரொட்டி

கால்வாய்க் கரையில் முள்வேலி போட்ட மறுநாள் காலையிலிருந்து, ஹோசியத்தின் தந்தூர் அடுப்பில் சுட்டெடுக்கும் ரொட்டிகளில் ஒன்று மட்டும் கடிபட்டே வெளியே வந்தது. பக்கத்து வீட்டு பஹ்ரினிசாதான் முதலில் பார்த்தாள். "எலி வாய் வச்சிருக்கும்டி," என்றாள். "கொதிக்கிற அடுப்புக்குள்ள எந்த எலிடி போகும், உன் மாமியாரா?" என்று கேட்டுச் சிரித்தாள் ஹோசியத். ரொட்டியைத் திருப்பிப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கடித்த இடத்தின் நடுவே மெல்லிய வரம்பு ஒன்று மிஞ்சியிருந்தது. பாதாம் ஓட்டைக் கடித்து உடைக்கப் போய் முன்பல்லில் ஒரு மூலையைச் சிதறவிட்டவள் அவள் மகள் சுலைஹோ. அது அவள் வாய்தான்.

சுலைஹோவைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஹோசியத்தின் ஊரில் தூரப் பயணம் போகிறவர்கள் ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவார்கள். மிச்சத்தை வீட்டார் சுவரில் மாட்டி வைப்பார்கள். போனவர் திரும்பி வந்துதான் அதைத் தின்று தீர்க்க வேண்டும். பட்டாளத்துக்குப் போகிறவன் கடிப்பான், மாஸ்கோவுக்கு வேலை தேடிப் போகிறவன் கடிப்பான். கல்யாணத்தன்று வாசலில் நின்று, "அம்மா, நானும் ஒரு வாய் கடிச்சிட்டுப் போகவா?" என்று சுலைஹோ கேட்டாள். "அடி போடி, கூப்பிட்டா காது கேக்குற தூரம். இதுக்குப் போய் ரொட்டியா?" என்று ஹோசியத் அனுப்பிவிட்டாள்.

அதற்குள் மாஸ்கோவிலிருந்து ஆண்ட பெரிய நாடு உடைந்து, இந்தக் கரை உஸ்பெகிஸ்தான், அந்தக் கரை கிர்கிஸ்தான் என்று ஆகியிருந்தது. சில வருடங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை. மாவும் மருமக்களும் வழக்கம்போல் பாலத்தில் வந்துபோனார்கள். இரண்டு தலைநகரங்களும் பழைய வரைபடங்களை விரித்துக்கொண்டு மல்லுக்கு நின்றன. ஒருவர் படத்தில் இருந்த கால்வாய் மற்றவர் படத்தில் இல்லவே இல்லை. பேசிப் பேசிக் கடைசியில் வேலி வந்தது, பாலம் போனது. இரண்டு கரைக்கும் இருந்த ஒரே பிரசவ ஆஸ்பத்திரி இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது.

கடிபட்ட ரொட்டிகளை ஹோசியத் சுவரில் மாட்டினாள். ஒன்றில்கூடப் பூசணம் பிடிக்கவில்லை. சுவர் நிறைந்ததும் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். சின்னக் கடி என்றால் மகளுக்குக் காய்ச்சல் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வசந்தகாலத்தில் கடி பெரிதாகிக்கொண்டே போனது. "ரெண்டு பேருக்குச் சாப்பிடுறாடி உன் மக," என்று பஹ்ரினிசா அவளைக் கட்டிக்கொண்டாள்.

பருத்தி எடுக்கும் மாதத்தில் ஒருநாள் எல்லா ரொட்டிகளும் முழுசாக வந்தன.

ஹோசியத் முக்காடுகூடப் போடாமல் கால்வாய்க்கு ஓடினாள். அந்தக் கரையில் பாடை போய்க்கொண்டிருந்தது. வலி கண்ட சுலைஹோவை இந்தப் பக்கம் கொண்டுவர, சோதனைச் சாவடியில் கெஞ்சிக் கிடந்தும் கதவு திறக்கவில்லையாம். காவலுக்கு நின்ற சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்தான். "வேணாம்மா. தாண்டினா சுடச் சொல்லியிருக்காங்க." "என் புள்ளடா தம்பி. முகத்த மட்டும் பாத்துட்டு வந்துடுறேன்." அவன் தலை குனிந்துகொண்டானே தவிர வழி விடவில்லை. "ஒரு வாய் கடிக்க விட்டிருந்தா வந்திருப்பாளே!" என்று அவள் கம்பியைப் பிடித்து அலறியது இரண்டு நாட்டுக்கும் கேட்டது. கேட்டு என்ன பிரயோசனம்.

துக்க நாட்கள் முடியும்வரை அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு கொடுத்தார்கள். பிறகு அவள் அடுப்பை மூட்டினாள். ஒரு ரொட்டியின் ஓரம் மட்டும் எச்சில் ஈரத்தோடு குழைந்து வந்தது. குழந்தையும் போய்விட்டது என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். பஹ்ரினிசா அதை வாங்கித் தடவிப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பல்லே இல்லாத வாய்டி இது," என்றாள்.

வேலி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இப்போது ரொட்டியில் கீழ்வரிசைப் பல் இரண்டு பதிகின்றன. பிஞ்சு ஈறு நோகக் கூடாதென்று ஹோசியத் மாவில் பால் ஊற்றிப் பிசைகிறாள். இந்த ரொட்டிகளுக்கென்று சுவரில் தாழ்வாக, ஒரு சின்னப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில், புதிதாக ஆணி அடித்திருக்கிறாள்.